பன்னிரு கூடைகளும் பழைய ஒளிநாடாக்களும்

மறதி மனிதனுக்கு இயல்பு. நினைவோ அவனுக்கு அருளப்பட்ட கொடை. நாம் நாள்தோறும் நிறைவேற்றும் நற்கருணைப் பலியே நினைவின் திருவிருந்துதான். கடந்ததை எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கடந்ததை இன்று நம்முன் உயிரோடு நிறுத்தும் நினைவு அது. ஆகவே, நினைவைக் காக்கும் கருவிகளைத் திருச்சபை விளையாட்டுப் பொருள்கள் என்று ஒதுக்கியதில்லை. திரைப்படக் கலை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1898இல், முதுமையால் தளர்ந்திருந்த திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் வத்திக்கான் தோட்டத்தில் படக்கருவியின்முன் ஆசியளித்தார். 1959இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் வத்திக்கானில் திரைப்படக் காப்பகம் ஒன்றை நிறுவினார். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது.

வத்திக்கானின் படச்சுருள்களைக் காக்க வல்லுநர்கள் உள்ளனர். நம் வீட்டு அலமாரிகளில் உறங்கும் வீடியோ கேசட்டுகளைக் காப்பவர் யார்?

நம் மங்கலம் நொய்யலாற்றை ஒட்டிய ஊர். விசைத்தறிகளின் ஓசை ஒருபுறம், திருப்பூருக்குப் புறப்படும் பனியன் கம்பெனி வண்டிகளின் பரபரப்பு மறுபுறம். 1980களிலும் 90களிலும் பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்து கையில் நாலு காசு புழங்கியபோது, திருமணத்திற்கு வீடியோ எடுப்பது இப்பகுதியில் வழக்கமாயிற்று. வசதியுள்ள சிலர் கைக்கு அடக்கமான வீடியோ கேமராவைச் சொந்தமாகவே வாங்கினர். திருமுழுக்கு, புதுநன்மை, பூப்பு நீராட்டு, புதுமனை புகுவிழா, பாட்டனாரின் அடக்கச் சடங்கு என்று ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் இன்று கறுப்பு நாடாவில் சுருண்டு கிடக்கிறது. இல்லங்களை மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் அவற்றைக் காண்கிறோம். போட்டுப் பார்க்கும் டெக் பழுதாகிப் பல்லாண்டுகள் ஆயின. எறிந்துவிட மனமும் இல்லை.

ஆனால் காலம் காத்திருக்காது. நாடாவின்மீது பூசப்பட்ட காந்தத் துகளைப் பிடித்து நிற்கும் பசை ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கிறது; ஈரம் பட்ட இடத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. நாடா பிழைத்திருந்தாலும் அதை ஓட்டும் பொறி கிடைப்பதில்லை. உலகில் வி.சி.ஆர். கருவியைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 சூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 2019இல் யுனெஸ்கோவின் திட்டம் ஒன்றும் பன்னாட்டு ஒலி-ஒளிக் காப்பகங்களின் சங்கமும் இணைந்து காந்த நாடாக்களைப் பற்றி உலகிற்கு எச்சரிக்கை விடுத்தன. 2025ஐ ஒட்டி நாடாக்களை ஓட்டிப் படியெடுக்கும் வாய்ப்பு அருகிவிடும் என்பதே அதன் சாரம். அந்த ஆண்டும் வந்துவிட்டது.

எனவே, நம் பங்கின் இளைஞர்கள் சிலர் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் பணியில் இறங்கினர். அவர்கள் நம்மிடம் கேட்ட முதற்கேள்வி, "சாமி, எந்த சாஃப்ட்வேர் நல்லதுங்க?" என்பதே. கேள்வி சிறியது. விடை தேடப் புகுந்தபோது, அதற்குள் ஓர் அறநெறிக் கேள்வியும் ஒளிந்திருப்பதைக் கண்டோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றுவது ஒரு பணி. மாற்றியதை வெட்டி ஒட்டித் தொகுப்பது மற்றொரு பணி. இரண்டையும் ஒரே மென்பொருள் செய்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதிலிருந்தே பல இழப்புகள் தொடங்குகின்றன. மாற்றுகிறவனுக்கு வேண்டிய பண்பு பணிவு: உள்ளதை உள்ளவாறே கையளித்தல். தொகுக்கிறவனுக்கு வேண்டிய பண்பு விவேகம்: எதை முன்வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்து தெளிதல்.

1995க்குப் பின் வந்த மினி டிவி எனும் சிறு கேசட்டுகளில் படம் ஏற்கெனவே டிஜிட்டல் வடிவிலேயே இருக்கிறது. கேமராவையும் கணினியையும் ஃபயர்வயர் எனும் கம்பியால் இணைத்தால், நாடாவில் உள்ள எண்கள் மாறாமல் அப்படியே வந்து சேரும். ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் கொள்ளும். இதற்கு விண்டோஸ் கணினியில் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப் போன்ற சிறிய இலவச மென்பொருள்களே போதும். அவற்றில் அலங்காரம் எதுவும் இல்லை. வாங்கியதைக் குறையாமல் ஒப்படைக்கும் நேர்மையான தூதுவர்கள் அவை. இதிலும் காலம் குறுகிவருகிறது. ஃபயர்வயரைப் பரப்பியதில் முன்நின்ற ஆப்பிள் நிறுவனமே, 2025இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தில் அதற்கான ஆதரவைக் கைவிட்டுவிட்டது. அந்தத் துளையுள்ள பழைய கணினி எவர் வீட்டிலாவது இருந்தால், பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.

பெரிய வி.எச்.எஸ். கேசட்டுகளின் நிலை வேறு. டெக்கில் ஓடும் படத்தைக் கேப்சர் கருவி ஒன்றின் வழியாகக் கணினி பதிவு செய்ய வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் உடனிருந்தே ஆகவேண்டும். குறுக்கு வழி கிடையாது. மலிவான கருவிகளோடு வரும் மென்பொருள், படம் உள்ளே நுழையும்போதே அதைப் பிழிந்து சுருக்கிவிடுவது வழக்கம். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ எளியது, இலவசமானது. ஆயினும் நேரடி ஒளிபரப்புக்கென உருவான அது, பழைய தொலைக்காட்சிப் படத்தின் அமைப்பை அப்படியே பேணுவதில்லை. வெர்ச்சுவல்டப் என்னும் பழைய இலவச மென்பொருளோ, இழப்பில்லாத முறையில் படத்தை முழுமையாக வாங்கி வைக்கும். ஒரு மணி நேரத்திற்கு 30 ஜிகாபைட் அளவுக்கோ அதற்கு மேலோ இடம் பிடிக்கும் என்பதே அதற்கு நாம் கொடுக்கும் விலை.

பழைய படத்தின் அமைப்பு என்று எதைக் குறிப்பிடுகிறோம்? பின்னலாடை ஊரில் இதை விளக்குவது எளிது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. அவ்வரிகள் ஒரே ஓட்டத்தில் வருவதில்லை. முதல் ஓட்டத்தில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த ஓட்டத்தில் இரட்டைப்படை வரிகள் என ஒன்றனுள் ஒன்றாகப் பின்னப்பட்டு வருகின்றன. கணினித் திரையில் இவ்விரு பாதிகளும் ஒருங்கே தெரியும்போது, அசையும் கையின் ஓரம் சீப்புப் பற்களைப்போல் பிளந்து காட்டும். இதைக் கண்டு பதறி, மாற்றும்போதே பின்னலை அவிழ்த்துவிடுகிறவர்கள் உளர். அவிழ்த்ததை மீண்டும் பழையபடி பின்ன இயலாது. மூலத்தைப் பின்னலோடு வைத்துவிட்டுப் பார்ப்பதற்கான படியில் மட்டும் அவிழ்ப்பதே முறை. அப்படி ஒரு படியெடுக்க ஹேண்ட்பிரேக் எனும் இலவச மென்பொருள் கைகொடுக்கும்.

தொகுப்பதற்கான மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் எல்லார் கணினியிலும் இருந்த விண்டோஸ் மூவி மேக்கர் 2000இல் வந்து, 2017இல் ஆதரவிழந்தது. அதில் மட்டுமே திறக்கக்கூடிய திட்டக் கோப்புகளாகத் தம் உழைப்பைச் சேமித்து வைத்தவர்கள் பின்னர் திண்டாடினர். இன்று ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட் ஆகியவை எவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்தநிலை மென்பொருள்கள். டாவின்சி ரிசால்வ் திரைப்படத் துறையினரே கையாளும் கருவி. அதற்கும் இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் வலிமைமிக்க கணினி வேண்டும். கைப்பேசிச் செயலிகள் சில, நம் வீட்டுப் படத்தின்மேல் தம் முத்திரையைக் குத்தித் தருகின்றன. சில, படத்தைத் தம் கணினிக்கு அனுப்பச் சொல்கின்றன. குழந்தைகளும் பெண்களும் இருக்கும் குடும்பப் படத்தை முகமறியாதவர் கையில் ஒப்படைக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ண வேண்டும்.

இப்படிப் பலவற்றை ஒப்பிட்டு, நாம் இளைஞர்களிடம் மூன்று வினாக்களையே உரைகல்லாகக் கொடுத்தோம். இம்மென்பொருள் உள்ளதை முழுமையாக வாங்குகிறதா? வெட்டும்போது மூலத்தைத் தொடாமல் விடுகிறதா? இது தரும் கோப்பை இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு மென்பொருளும் திறக்க இயலுமா? மூன்றிற்கும் ஆம் எனும் விடை தருவது எதுவாயினும் நல்லதே.

இரண்டாவது வினாவிலேதான் அறநெறி அடங்கியுள்ளது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் கத்தியை வைத்தபின் துணியை மீண்டும் ஒன்றாக்க முடியாது. அதற்காக வெட்டிய துண்டை நம்மவர்கள் வீணாக்குவதும் இல்லை. மேசையடியில் விழும் கழிவுத் துணி மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு, பஞ்சாக்கப்பட்டு, மீண்டும் நூலாக நூற்கப்படுகிறது. ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்த பின்னரும், எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு ஆண்டவர் பணித்தார் அல்லவா? வயிறாரக் கொடுக்கத் தெரிந்தவர் துணுக்கையும் மதித்தார். பன்னிரு கூடைகள் நிறைந்தன. நாம் மேலே சொன்ன தொகுப்பு மென்பொருள்கள் கட்டிங் மேசையினும் கனிவானவை. திரையில் வெட்டுவதுபோல் தோன்றினாலும் மூலக் கோப்பு வெட்டப்படுவதில்லை. எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே எழுதப்படுகிறது.

பங்கு அலுவலகத்தின் திருமுழுக்குப் பதிவேடும் இவ்வாறானதே. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதிப்படி, ஒருவருடைய உறுதிபூசுதலும் திருமணமும் அவரது திருமுழுக்குப் பதிவின் அருகே குறித்து வைக்கப்படுகின்றன. வாழ்க்கை எத்தனை திசை மாறினாலும் ஓரத்தில் குறிப்பு சேருமே தவிர, அவர் திருமுழுக்குப் பெற்றார் என்ற வரியை எவரும் கத்தரித்து எடுப்பதில்லை.

இது வெறும் உவமையன்று என்பதை இரு நிகழ்ச்சிகள் நமக்கு உணர்த்தின. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு திருமணத்தின் கேசட்டை மூதாட்டி ஒருவர் கொண்டுவந்தார். மறைந்த தம் கணவர் அன்று விருந்தினரை வரவேற்றுப் பேசிய குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்பதே அவர் ஆசை. படம் தெளிவாக வந்தது. கணவரின் உதடுகள் அசைந்தன. ஆனால் அக்கால வழக்கப்படி, தொகுத்தவர் தொடக்கம் முதல் இறுதிவரை திரைப்படப் பாடல்களை ஒலியின்மேல் ஏற்றியிருந்தார். கேமராவில் ஓடிய மூல நாடாவோ மற்றொரு வீட்டு விசேடத்திற்காக அழிக்கப்பட்டுவிட்டது. எந்த மென்பொருளாலும் அக்குரலை மீட்க இயலாது. "பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து சென்றார்.

மற்றொன்று ஒரு தந்தையின் கோரிக்கை. பிள்ளைகளின் புதுநன்மை விழாப் படத்தை மாற்றித் தரக் கேட்டவர், அதில் வரும் மூத்த மகளை நீக்கிவிடுமாறும் சொன்னார். அவள் வேறு சாதியில் மணமுடித்துச் சென்றவள். அன்றுமுதல் அவ்வீட்டில் அவள் பெயர் எடுப்பதில்லை. இளைஞர்கள் செய்வதறியாது நம்மிடம் வந்தனர். சாதியின் பெயரால் ஒரு பிள்ளையை நினைவிலிருந்தே அகற்ற முனைவது நற்செய்திக்கு முரணானது என்பதை அத்தந்தையிடம் நாம் மறைக்கவில்லை. ஆயினும் கேசட் அவருடையது. அவர் கேட்டவாறு ஒரு படியைத் தொகுத்துக் கொடுக்கச் சொன்னோம். மூலத்தை முழுமையாக வைத்திருப்போம் என்பதையும் அவரிடமே அறிவித்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப் பின், செபமாலை முடிந்த ஒரு மாலையில், அவருடைய மனைவி மற்றவர்கள் கலையும்வரை காத்திருந்து, "சாமி, அது முழுசா இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம். தரட்டுமா என்று கேட்டதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டார். இருக்கிறது என்பதே அப்போதைக்கு அவருக்குப் போதுமாயிருந்தது.

மன்னிப்பு எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. வரும் நாளில் அவளுக்குரிய இடம் அங்கே இருக்க வேண்டும். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது தந்தை அவனை எளிதில் அடையாளம் கண்டுகொண்டதற்குக் காரணம், அவன் முகத்தை அவர் தம் உள்ளத்தில் வெட்டாமல் வைத்திருந்ததுதான். மூலத்தைக் காப்பவன், ஒப்புரவுக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறான்.

நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரையும் நாம் நினைவுகூரும் நாள். கல்லறைக்கு வெள்ளையடிக்கும் கையோடு வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறப்போம். வி.எச்.எஸ். கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாழை உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் நுழைக்காமல், அறிந்தவரிடம் கொடுப்போம். தறிப்பட்டறையை ஒட்டிய வீடாயின், பஞ்சுத் தூசி படிந்த டெக்கைத் துடைத்த பின்னரே ஓட்டுவோம். முழுப் படத்தையும் மாற்றி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறோர் ஊரில் வாழும் உடன்பிறந்தார் வீட்டிலும் வைப்போம். அதன்பின் விருப்பம்போல் வெட்டலாம், ஒட்டலாம், பாடலும் சேர்க்கலாம். முதலில் கூடைகள் நிறையட்டும்.