வேலையும் குழந்தையும்

காலடிப்பேட்டை என்றதும் யாருடைய காலடி என்றுதான் வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். எந்த மகானின் காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. காலட் பேட்டை ஜனங்களின் நாக்கில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆயிற்று. அந்தக் காலத்தில் எழுந்த கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இன்றும் இருக்கிறது. தறிச் சத்தத்தை நான் இங்கே கேட்டதில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து இதே பெயரில் ஒரு மெட்ரோ ரயில் நிலையமும் இருக்கிறது. அதில் ஏறி இறங்குகிறவர்களுக்குக் காலட் துரையின் ஞாபகம் வர நியாயமில்லை.

நெசவாளர்கள் குடியேற்றப்பட்டார்கள் என்பதைச் சரித்திரப் புத்தகத்தில் ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் கிடைப்பது இதுதான்: லண்டனில் இருக்கிற ஒரு கம்பெனிக்காக, வியாபாரி மூலம் முன்பணம் வாங்கிக்கொண்டு, கம்பெனி சொன்ன நீள அகலத்தில், சொன்ன கெடுவுக்குள், தன் வீட்டிலேயே உட்கார்ந்து வேலையை முடித்துத் தருகிற ஒரு மனிதன். முதலாளியின் முகத்தை அவன் பார்த்ததில்லை. துணி எங்கே போகிறது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 300 வருஷங்கள் கழித்து 2020இல், அதே பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் உட்கார்ந்திருந்த என்னையும் இந்த வர்ணனை ஏறக்குறைய முழுதாக வர்ணித்துவிடும். ஒன்றே ஒன்று பொருந்தாது. அவன் வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள், என் வீட்டிலும் இருந்தார்கள். ஆனால் அவனுக்குத் தன் குழந்தைகளை என்ன செய்வது என்ற பிரச்னை இருந்ததாகத் தெரியவில்லை.

நான் துறைமுகத்துச் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கிற ஒரு ஏஜென்ஸியில் குமாஸ்தா. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தபோதும் துறைமுகம் மூடவில்லை. அது அத்தியாவசிய சேவை. கப்பல் வந்தது, பெட்டி இறங்கியது, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எங்களை மட்டும் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் பத்திரங்களைத் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டார்கள். என் மனைவிக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாடிக்கையாளர்களோடு டெலிபோனில் பேசுகிற வேலை. அதுவும் வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு அறை, ஒரு சமையலறை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. தமிழ்நாட்டில் மார்ச் 17இல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பெரிய வகுப்புகள் இடையில் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. ஒன்றிலிருந்து எட்டு வரை திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கிட்டத்தட்ட 20 மாதங்கள். என் மகன் ஒன்றாம் வகுப்பைப் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்க்காமலேயே முடித்தான்.

அந்த மாதங்களில் எங்களைப் போன்றவர்கள் வாயில் அதிகம் அடிபட்ட வார்த்தை ‘என்கேஜ்’. குழந்தைகளை எப்படி என்கேஜ் பண்ணுகிறீர்கள்? யோசனை சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். பழைய பேப்பரில் பொம்மை, கலர் பென்சில், நேர அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவது. எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஒவ்வொன்றும் 20 நிமிஷம் தாங்கியது. டெலிபோன் என்கேஜ்டாக இருக்கிறது என்றும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறோம். லைன் கிடைக்காது, யாரும் உள்ளே வர முடியாது என்று அர்த்தம். குழந்தை விஷயத்திலும் நாம் அந்த அர்த்தத்தில்தான் சொன்னோம் என்று படுகிறது. நம் பக்கம் வராத மாதிரி அவர்கள் லைனை அடைத்து வைப்பது.

அப்படி அடைபடாத ஒரு நாள் மகன் பக்கத்தில் வந்து நின்று ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பா, நீ என்ன செய்றே?” என்று கேட்டான். கப்பலில் வந்த சாமானுக்குப் பத்திரம் எழுதுகிறேன் என்றேன். “கப்பல் எங்கே?” என்றான். ஹார்பரில் நிற்கிறது என்றேன். “சாமான்?” அதுவும் அங்கேதான். எங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் ஆறேழு கிலோமீட்டர். ஸ்க்ரீனில் கட்டம் கட்டமாக எண்கள் இருந்தன. ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டி, “இது கப்பலா?” என்றான். அது எடை. அவன் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. தன் அப்பா நாள் முழுக்க எதன் முன் உட்கார்ந்திருக்கிறார், அதில் தனக்கு ஏதாவது இடம் உண்டா என்று அறிந்துகொள்ள விரும்பினான். என் வேலையில் அவனுக்குக் காட்டக்கூடிய பாகம் எதுவும் இருக்கவில்லை. இதைப் பொறுமையின் பிரச்னையாகவே நாம் எடுத்துக்கொண்டோம். எத்தனை பொறுமை இருந்தாலும், இல்லாத பாகத்தைக் காட்ட முடியாது.

தறி வீட்டில் பாகங்களுக்குக் குறைவில்லை. நெய்கிறவன் குழியில் கால்களை விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருப்பான். நாடாவுக்கு ஊடை நூல் வேண்டும். அதை இராட்டையில் தார் சுற்றிக் கொடுக்க வேண்டும். அது பெண்களும் குழந்தைகளும் செய்கிற வேலை. பாவு நீளத்துக்கு வீதி வேண்டும். நூலை வீதியில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுப் பாவாற்றும்போது அறுந்த இழையைப் பிணைக்கச் சின்ன விரல்கள் தேவைப்படும். ஐந்து வயதுக் குழந்தை நின்று பார்க்கும், ஏழு வயதில் தார் சுற்றும். அதற்கு வேலை என்றால் கண்ணெதிரே நீளமாகிக்கொண்டு போகிற ஒரு துணி. மேற்கே குழந்தைப் பருவம் என்பதே தனியாக வகுக்கப்பட்டது பிற்காலத்தில்தான் என்று பிலிப் ஆரியே 1960இல் எழுதிய பிரெஞ்சுப் புத்தகத்தில் வாதித்தார். அவரோடு சண்டை போட்ட சரித்திரக்காரர்கள் நிறைய. ஆனால் வேலையும் குழந்தையும் ஒரே அறையில் இருந்த காலம் ஒன்று இருந்தது என்பதில் சண்டைக்கு இடமில்லை.

இதைப் படித்ததும் ஆகா, அந்தக் காலம் என்று ஒரு பெருமூச்சு வரும். அதை நான் அனுமதிக்க முடியாது. காரணம் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனிலேயே இருந்தது. அங்கே ஒரு வயதான அம்மாள், எங்கள் குழந்தைகளுக்கு ஆயா, மாவு வாங்கிவந்து அப்பளம் இட்டுத் தருகிறவர். நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி. ஊரடங்கின் முதல் வாரங்களில் மாவு வரவில்லை. வந்த பிறகு என் பிள்ளைகள் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். மாடியில் 20 நிமிஷம் தாங்காதவர்கள் அங்கே இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தார்கள். காய்ந்த அப்பளத்தைப் பத்துப் பத்தாக அடுக்குவது மகளின் வேலை. உடைந்ததைப் பொறுக்குவது மகனின் வேலை. “எண்ணி வைம்மா, அவசரமில்லே” என்பார் ஆயா. குழந்தைகளுக்கு வேண்டியது இதுதான், கண்டுபிடித்துவிட்டோம் என்று மாடியில் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஆயாவின் பேத்தியும் அங்கேதான் இருந்தாள். பன்னிரண்டு வயது. அப்பளத்தை எண்ணி வைக்கிறவள் இல்லை, இடுகிறவள். அவளுடைய அம்மா வேலைக்குப் போன வீடுகளில் யாரும் உள்ளே விடவில்லை. அப்பா ஹார்பர் பக்கம் லாரிக்குக் கிளீனராகப் போனவர், ஊரடங்கில் வேலை இல்லை. பெரியவர்கள் சம்பாத்தியம் நின்ற வீட்டில் அந்தப் பெண்ணின் கைகள் கணக்கில் வந்துவிட்டன. என் மகளுக்கு அலுத்தால் எழுந்து மாடிக்கு வந்துவிடலாம். அவளுக்கு எழுந்து போக இடமில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிக்கொண்டிருக்கும், அவள் கட்டையை உருட்டிக்கொண்டிருப்பாள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு விலக்கு உண்டு. பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவி செய்யலாம். பள்ளி நேரம் என்று ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதிய வாசகம். 20 மாதங்கள் அப்படி ஒரு நேரமே இல்லை. 2021 நவம்பரில் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனாள். டிசம்பரில் நின்றுவிட்டாள். ஆசிரியைகள் இரண்டு தடவை வீடு தேடி வந்தார்கள்.

ஆக, ஒரே வீட்டில் மாடியில் ஒன்றும் செய்ய இல்லாத குழந்தைகள், கீழே செய்து மாளாத குழந்தை. குழந்தையின் பங்கு என்று மாடி வேலையில் எதுவும் இல்லை. கீழ் வேலையில் அளவுக்கு மேல் இருந்தது. நடுவில் நின்று இரண்டையும் மறைத்துக்கொண்டிருந்தது பள்ளிக்கூடம் என்கிற சுவர். அது விழுந்ததும் இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டது. குழந்தைகளை வீட்டில் சமாளிக்க முடியவில்லை என்று அந்த நாட்களில் பேசியதெல்லாம் மாடிக்காரர்களின் பேச்சு. கீழே யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை.

பிறகு என் பிள்ளைகள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு ஒரு பரீட்சை அட்டையை மடக்கின மாதிரி வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக உட்காருவார்கள். ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் விரலை உதட்டில் வைத்து, “உஷ், மீட்டிங்” என்பார். அவ்வளவுதான் விளையாட்டு. தறி வீட்டுக் குழந்தை விளையாடினால் அதில் நாடா ஓடும். மீனவர் குப்பத்துக் குழந்தைகள் விளையாடினால் வலை இருக்கும். என் வேலையிலிருந்து என் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அந்த ‘உஷ்’ ஒன்றுதான்.

திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. அவரைப் பற்றிய கதையில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது வளர்ப்பு மகன் விட்டுப்போன காதறுந்த ஊசி. இந்தப் பக்கத்தில் சொல்கிற கதையின் முடிவு வேறு மாதிரி. கடைசி நாட்களில் அவர் இங்கே மணலில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தார். தன்னை மூடச் சொல்வார், மூடின இடத்தில் இல்லாமல் வேறிடத்திலிருந்து வருவார். ஒரு தடவை வரவில்லை, பார்த்தால் லிங்கம். பெரிய வணிகர். கப்பல் கப்பலாகச் சரக்கு அனுப்பியவர். குழந்தைகளோடு மணலில் உட்காரும்போது அந்த வியாபாரம் அவரிடம் இல்லை. வேலையையும் வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கும் முழுதாகக் கிடைக்கிற வழியை அந்தக் கதையும் சொல்லவில்லை.

இதெல்லாம் இந்தப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்வது 2020இல் உலகத்துக்குப் புதிதாக இருந்திருக்கலாம், எழுதுகிறவர்களுக்குப் புதிதில்லை. ஸிரில் கானலி 1938இல் எழுத்தாளனின் எதிரிகளைப் பட்டியல் போட்டபோது குழந்தை வண்டியையும் சேர்த்துக்கொண்டார். அப்போது அவருக்குக் குழந்தை கிடையாது. ஸில்வியா ப்ளாத் 1962இல் தன் கடைசிக் கவிதைகளில் பலவற்றை இரண்டு குழந்தைகளும் விழிப்பதற்கு முன் விடிகாலையில் எழுதினார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நம் விமர்சனம் அளந்ததில்லை. படிமம், உருவம், உள்ளடக்கம் என்று எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறோம். அவன் கவிதை எழுதிக்கொண்டிருந்தபோது குழந்தையை யார் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்வி இலக்கியக் கேள்வியாக நமக்குப் படவில்லை. எழுதுகிறவனின் வீட்டுக் குழந்தைக்கும் இலக்கியம் என்றால் முதலில் ஒரு மூடின கதவு, அதற்கு வெளியே அம்மாவின் ‘உஷ்’. எழுதுகிறவள் அம்மாவாக இருந்தால் கதவும் இருக்காது.

இதற்குப் பரிகாரம் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. கவிதையில் ஒரு வரியைக் குழந்தையிடம் கொடுத்துச் சுற்றித் தரச் சொல்ல முடியாது. பத்திரிகை வேறு. இதன் பிரதிகளை உறையிலிடுகிற வேலை சில இதழ்களாக எங்கள் வீட்டில் நடக்கிறது. மகள் விலாசம் எழுதுகிறாள், மகன் தபால்தலை ஒட்டுகிறான். தலைகீழாக ஒட்டினதும் போய்ச் சேர்ந்துவிட்டது. போன இதழ் முடிந்து கட்டுகளை எண்ணும்போது, “இவ்வளவு பேர்தானாப்பா?” என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல் எங்கே என்று கேட்கவில்லை.