ஐந்து மைக்ரான் கனத்தில் ஒரு சிறுநீர்ப்பை

அண்மையில் ஓய்வுபெற்றேன். பாராட்டுக் கூட்டத்தில் பேசிய பேராசிரியர் ஒருவர், "இனி ஸ்லைடு போட ஆள் தேடவேண்டியதில்லை, எல்லாம் திரையிலேயே வந்துவிட்டது" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மருத்துவக் கல்லூரியின் ஹிஸ்டாலஜி லேபில் மெழுகோடும் மைக்ரோடோமோடும் தலை நரைத்தவனுக்கு அது பாராட்டாகப் படவில்லை.

திரையில் வருவது என்ன? எவரோ வெட்டிய குவியலிலிருந்து பொறுக்கி எடுத்த ஒரே ஒரு செக்‌ஷன். தைராய்டு என்றால் ஃபாலிக்கிளைச் சுற்றிச் சதுரச் செல்கள் வரிசை பிசகாமல் நிற்கும். உணவுக்குழாய் என்றால் ஸ்ட்ராட்டிஃபைடு ஸ்குவாமஸ் அடுக்குகளை எண்ணிவிடலாம். பையன் அந்தப் படத்தை மனப்பாடம் செய்துவிடுகிறான். உறுப்புகளின் பரப்பை மூடும் எபிதீலியத்தை வகை பிரிக்க நாம் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை அடுக்கு, மேலடுக்குச் செல்லின் வடிவம் என்ன? இரண்டுக்கும் பதில் சொல்லுமுன் கத்தி எந்தக் கோணத்தில் போயிருக்கிறது என்று பார்க்கவேண்டும். பித்தப்பையின் உட்புறத்தில் ஒரே வரிசை நெட்டைச் செல்கள்தான். திசு பதிந்த மெழுகு பிளாக் சாய்ந்துவிட்டால் அதே இடத்தில் உட்கருக்கள் மூன்று நான்கு தட்டுகளாகத் தெரியும். மூச்சுக்குழாயில் நேராக வெட்டினாலும் உட்கருக்கள் மேலும் கீழுமாகத்தான் நிற்கும். எல்லாச் செல்களும் அடித்தளச் சவ்வைத் தொட்டிருக்கும், சில மேற்பரப்பை எட்டாது. சாய்ந்த பித்தப்பையையும் நேரான மூச்சுக்குழாயையும் அருகருகே வைத்தால், சிலியாவைத் தேடத் தெரிந்தவன்தான் தப்புவான்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த டெக்னீஷியன் திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. "ஏல, வெட்டுறது அப்புறம். மொதல்ல வைக்கத் தெரியணும்" என்பார். சிறுநீர்ப்பையின் உட்புறத்திலுள்ள டிரான்சிஷனல் எபிதீலியம் என்றால் அவருக்கு உயிர். விடியுமுன் ஆட்டுத்தொட்டிக்கு என்னை அனுப்புவார். சூடு ஆறாத இரண்டு சிறுநீர்ப்பைகள் வேண்டும். உயிர் போனபின் திசுக்களில் முதலில் கெட ஆரம்பிப்பவற்றில் எபிதீலியமும் ஒன்று. தாமதித்தால் உரிந்த செல்கள்தான் மிஞ்சும். ஒரு பையை நன்றாகப் பிழிந்து காலியாக்கிப் பத்து சதவீத ஃபார்மலினில் போடுவோம். இன்னொன்றில் சிரிஞ்சு வழியே ஃபார்மலினை ஏற்றி, பை விம்மியதும் வாயை நூலால் கட்டி அப்படியே முழுகவைப்போம்.

பிறகு ஆல்கஹால், சைலீன், அறுபது டிகிரியை ஒட்டிய மெழுகு, தெரிந்த கதைதான். சூட்சுமம் எம்பெட் செய்வதில் இருக்கிறது. பையின் சுவர் மெல்லிய துண்டு, விட்டால் படுத்துக்கொள்ளும். படுத்தால் அடுக்குகள் அத்தனையும் பொய். சுடவைத்த ஃபோர்செப்ஸால் துண்டை விளிம்பில் நிறுத்தி, அடியில் மெழுகு பூத்துப் பிடிக்கும்வரை கை அசையாமல் இருக்கவேண்டும். அந்தச் சில நொடிகளில் அண்ணாச்சி யாருடனும் பேசமாட்டார், மேலதிகாரி வந்து நின்றாலும் சரி. அப்புறம் ஐந்து மைக்ரானில் ரிப்பன், வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கம் நீக்கம், ஹெமடாக்சிலின், ஆசிட் ஆல்கஹாலில் ஒரே ஒரு முக்கு. நீலம் ஏற எங்கள் போர்வெல் தண்ணீரே போதும். காரத்தன்மையுள்ள கடினத் தண்ணீர் குடிக்க ஆகாது, இதற்கு அருமை. கடைசியில் இயோசின்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பார். காலியான பையில் ஐந்தாறு அடுக்கு, மேலே உப்பிய குடைச்செல்கள், சிலவற்றில் இரட்டை உட்கரு. நிரம்பிய பையில் இரண்டு மூன்று அடுக்குதான். குடைச்செல்கள் தட்டையாகிவிடுவதால், புதியவன் ஸ்குவாமஸ் என்று சத்தியம் செய்வான். மனிதச் சிறுநீர்ப்பையும் இப்படித்தான் விரிந்து சுருங்குகிறது. மாணவர்கள் வாதாடி ஓயும்வரை அண்ணாச்சி விடையைச் சொல்லமாட்டார்.

இதெல்லாம் தேர்வு மார்க்குக்கான வித்தையல்ல. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபிதீலியத்தில் பிறப்பவை. கருப்பை வாயில் ஸ்குவாமஸும் காலம்னரும் சந்திக்கும் எல்லையில்தான் பெரும்பாலும் வினை தொடங்குகிறது. புகைப்பவரின் மூச்சுக்கிளையில் சிலியா உள்ள செல்கள் போய் ஸ்குவாமஸ் வந்து உட்காரும். உண்மையாகவே தடித்த எபிதீலியம் எது, சாய்ந்த வெட்டால் தடித்ததாகத் தெரிவது எது என்று முதலாண்டில் பிரித்துப் பார்க்காதவன், பிறகு பயாப்ஸியில் எதை வைத்துப் பிரிப்பான்?

எம்.பி.பி.எஸ். முதல் கட்டம் ஒன்றரை ஆண்டாக இருந்தது. 1997 விதிமுறைகளில் அது ஓராண்டானது. அப்போதே மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரும் நேரம் தேய ஆரம்பித்தது. டிஷ்யூ பிராசஸரும் ஒருமுறைக் கத்தியும் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. கல்லில் கத்தி தீட்டிய நாட்கள் திரும்பவேண்டாம். ஆனால் இப்போது வரும் பிள்ளைகள் அச்சில் துண்டைப் போட்டு, மெழுகை ஊற்றி, அடுத்த அச்சுக்குப் போய்விடுகிறார்கள். கேட்டால், "எப்படியும் படம் இருக்கே சார்" என்கிறார்கள். கல்லூரி விலைக்கு வாங்கிய ஸ்லைடு பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிரான்சிஷனல் என்று எழுதிய அத்தனையும் சுருங்கிய பை. நிரம்பியது ஒன்றுகூட இல்லை. வாங்கியவருக்கு அது குறையாகவே படவில்லை.

என் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. ஆள் போட்டார்கள் என்றால், அந்தப் பிள்ளைக்கு எம்பெட்டிங் சொல்லித்தர நான் சம்பளம் கேட்கமாட்டேன். ஆட்டுத்தொட்டிக்கு மட்டும் அவர் விடியுமுன் எழுந்து வரவேண்டும்.