அகிலாண்டம் என்றொரு பெயர்

திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரைக் கொண்டே அவள் குடும்பம் எந்தக் கோயிலைச் சுற்றி வாழ்ந்தது என்று ஓரளவு ஊகித்துவிடலாம் என்பார்கள் முதியவர்கள். ரங்கநாயகி, கோதை என்றால் திருவரங்கம். கமலவல்லி, காந்திமதி என்றால் உறையூர். மலைக்கோட்டைத் தாயுமானவர் தம் பெயரை எத்தனையோ ஆண்பிள்ளைகளுக்கு வழங்கியிருக்கிறார். ஆனால் அவர் தேவி மட்டுவார்குழலியின் பெயரைத் தாங்கிய பெண் எவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. மணம் கமழும் நெடுங்கூந்தலாள் என்னும் அத்தனை அழகிய தமிழ்ப்பெயர் கோயிலுக்குள்ளேயே நின்றுவிட்டது. திருவானைக்காவிலோ நிலைமை வேறு. அங்கே அம்மனின் பெயர் கோயிலைவிட்டு இறங்கி வீடுவீடாகப் புகுந்தது. இன்று மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கும் அந்தப் பெயரைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அகிலாண்டேஸ்வரி: அகிலம், அண்டம், ஈஸ்வரி என்னும் மூன்று சொற்களின் புணர்ச்சி. இவற்றுள் முதற்சொல்லே சுவையானது. வடமொழியில் 'கிலம்' என்பது உழாமல் விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும். இடைவெளி, விடுபட்டது என்றும் பொருள் விரியும். இருக்கு வேதத்தின் பிற்சேர்க்கைகளாக அமைந்த பாடல்களை அதனால்தான் 'கில' சூக்தங்கள் என்கிறார்கள். எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்தால் 'அகிலம்': விடுபாடு இல்லாதது, மிச்சமின்றி முழுமையானது. தமிழுக்கு வந்தபின் அச்சொல் உலகத்தையே குறிக்கும் பெயர்ச்சொல்லாகிவிட்டது. எனினும் பழைய பொருள் அடியோடு அழியவில்லை. 1939ஆம் ஆண்டு திருச்சியில் நிலையம் தொடங்கிய வானொலியை 'அகில இந்திய வானொலி' என்று நாம் வழங்கியபோது, முழுமை என்னும் பொருளிலேதான் அச்சொல்லை ஆண்டோம். அகிலாவுக்கும் அகிற்கட்டைக்கும் முடிச்சுப்போட்டு 'நறுமணம் உடையவள்' என்று பொருள் சொல்லும் அன்பர்களும் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மரத்துக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை.

வடமொழிப் பெயர்தானே என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சோழர் மெய்க்கீர்த்திகளில் அரசனோடு அரியணையில் வீற்றிருக்கும் தேவியரை 'உலகமுழுதுடையாள்' என்றும் 'புவனமுழுதுடையாள்' என்றும் குறிப்பிடக் காண்கிறோம். முழுது, அகிலம்; உலகு, அண்டம்; உடையாள், ஈஸ்வரி. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்று நாம் வாதிட வரவில்லை. உலகம் முழுவதையும் ஒரு பெண்ணுக்கு உடைமையாக்கிப் பெயர் சூட்டும் கற்பனை தமிழுக்கு அந்நியமன்று என்பதே நம் கருத்து. கல்லில் இருக்கும் அந்தத் தமிழ்ப்பெயர்களை இன்று யாரும் குழந்தைகளுக்கு இடுவதில்லை என்பது வேறு விஷயம்.

அண்டங்களையெல்லாம் ஆளும் அந்த ஈஸ்வரி திருவானைக்காவில் எப்படி இருக்கிறாள் என்பதுதான் நமக்கு வியப்பு. அவள் அங்கே மாணவி. ஜம்புகேசுவரர் குருவாக இருந்து உபதேசிக்க, அம்மை சிஷ்யையாக இருந்து கேட்ட தலம் என்பது ஐதீகம். ஆசானுக்கும் மாணவிக்கும் மணமுடிப்பது முறையன்று என்பதால் இக்கோயிலில் திருக்கல்யாண வைபவம் நடப்பதில்லை. உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவையுடுத்திக் கிரீடம் தரித்து, அம்பிகையாகவே சுவாமி சந்நிதிக்குச் சென்று பூசை செய்யும் காட்சியை இன்றும் காணலாம். உக்கிரமாக இருந்தவளை ஆதிசங்கரர் ஸ்ரீசக்கரத் தாடங்கங்களை அணிவித்துச் சாந்தப்படுத்தினார் என்றும் சொல்கிறார்கள். காதில் தோட்டை மாட்டிப் பெண்ணை அடக்கிய கதையைப் பெண்ணியத் தோழியர் எப்படி வாசிப்பார்களோ, அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

இப்பெயரைச் சுற்றித் தமிழிலக்கியம் பின்னிய வலை சிறிதன்று. திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணிபுரிந்த வைணவர் ஒருவர், ஆனைக்கா நடனமாது மோகனாங்கியின்மேல் கொண்ட காதலால் இந்தப் பக்கம் வந்து, இரவில் கோயிலில் உறங்கியபோது அகிலாண்டேஸ்வரியின் வாய்த்தாம்பூலம் பெற்றுக் காளமேகப் புலவரானார் என்பது வழிவழி வரும் கதை. இரண்டு கோயில்களும் ஒரே தீவில், நடந்தே சென்றுவிடும் தொலைவில் இருக்கின்றன. அந்தச் சிறு நடையில் ஒருவருடைய சமயமே மாறிப்போனது! அவர் பாடிய திருவானைக்கா உலா நமக்குக் கிடைத்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தாயுமானவர் பாடினார்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிள்ளைத்தமிழும் மாலையும் பாடினார். இவ்விருவருமே அவளை 'அகிலாண்டநாயகி' என்றார்கள். வடமொழி 'ஈஸ்வரி' நாயகியாக மாறியது புலவர் ஏட்டில். பிறப்புச் சான்றிதழில் மட்டும் ஈஸ்வரியே நிலைத்தாள். முத்துசுவாமி தீட்சிதர் பெயரில் பாடப்படும் துவிஜாவந்திக் கீர்த்தனையின் செல்வாக்கும் இதில் இருக்கலாம்.

புழக்கத்தில் என்ன நேர்ந்தது? எட்டெழுத்துப் பெயரை முழுமையாக யாரும் கூப்பிட்டதில்லை. நம் பாட்டிமார் தலைமுறையில் வாலை நறுக்கி 'அகிலாண்டம்' என்றார்கள். ஆண்களுக்கும் அந்தப் பெயர் இருந்தது. புதுக்கோட்டைச் சீமையின் பெருங்களூரில் 1922இல் பிறந்த பி.வி. அகிலாண்டம்தான் பின்னாளில் 'சித்திரப்பாவை'க்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்ற எழுத்தாளர் அகிலன். அவரும் அண்டத்தைக் கழற்றிவிட்டு 'ன்' விகுதியை மாட்டிக்கொண்டவரே. அடுத்த தலைமுறைப் பெண்களிடம் அது 'அகிலா' ஆயிற்று. வேறு சில வீடுகளில் தலையை நறுக்கிவிட்டு 'ஈஸ்வரி' என்று அழைத்தார்கள். மிச்சமில்லாதது என்று பொருள்படும் பெயரை ஆளுக்கொரு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டோம்.

வெட்டியதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. பெயரன், பெயர்த்தி என்னும் சொற்களே பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்று பொருள்படுவன. மகனின் மகளுக்குத் தாயின் பெயரை வைப்பார்கள். மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பெற்ற குழந்தையை எப்படிக் கூப்பிடுவாள்? 'ஈஸ்வரி' என்றோ 'பாப்பா' என்றோதான். பெயர்கள் தேய்ந்த வரலாற்றில் மருமகள்களின் மௌனத்துக்கும் பங்குண்டு.

நாம் இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறோம். வருகைப் பதிவேட்டில் அகிலாண்டேஸ்வரிகள் குறைந்து வருவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். சென்ற பருவத்தில் அப்படி எஞ்சியிருந்த ஒரு மாணவி, அரசிதழில் பெயர்மாற்றத்துக்கான விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். பள்ளிச் சான்றிதழில் முழுப்பெயர், ஆதாரில் அகிலா, வீட்டில் ஈஸ்வரி. ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'கே', ஓரிடத்தில் 'ஜி', மற்றோரிடத்தில் 'கே'யோடு 'ஹெச்'. வங்கியில் கணக்குத் தொடங்கப்போனபோது மூன்று பேராகத் திருப்பியனுப்பினார்களாம். பள்ளியில் பையன்கள் 'அண்டா' என்று கேலிசெய்ததையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் ஐயா. அகிலான்னே மாத்திக்கட்டுமா?"

சோழர் மெய்க்கீர்த்தியிலிருந்து தொடங்கி, மேலே எழுதியவற்றையெல்லாம் அவளிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டாள். "அழகாத்தான் இருக்கு ஐயா. ஆனா கட்டம் பத்தலையே" என்றாள். இணைய விண்ணப்பத்தில் பெயருக்கென்று ஒதுக்கிய கட்டங்களைச் சொல்கிறாள். உலகம் முழுவதையும் உடையவளுக்கு இடம் போதவில்லை. அவள் சொன்னதில் தவறொன்றும் இல்லை. வேலைக்குப் போகப்போகிற பெண்ணிடம், பெயரின் சுமையை நீயே கடைசிவரை தூக்கு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? எனினும் கையெழுத்திடுமுன் ஒன்று கேட்டோம். அது அப்பாயியின் பெயர் அல்லவா, அவருக்குத் தெரியுமா?

மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பாயி சொன்னதாம்: "எனக்கு மட்டும் முழுசாவா வச்சாங்க? ரேஷன் கார்டுல அகிலாண்டம், நூறுநாள் வேலை அட்டையில அகிலம்மா. நீ உனக்குப் புடிச்சதை வச்சுக்க. சாமி பேரு சாமிகிட்ட பத்திரமா இருக்கு."

கையெழுத்திட்டோம். அரசிதழில் வெளிவர இன்னும் சில வாரங்கள் ஆகுமாம். அதுவரை காலை முதல் வகுப்பில் எட்டு எழுத்துகளையும் நிறுத்தி வாசித்துக்கொண்டிருக்கிறோம். அவளும் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்கிறாள்.