நீருக்கடியில் நிற்கும் மரங்கள்

தேக்கடி ஏரியில் மூங்கில் தெப்பம் செலுத்தப் பழகுபவர் முதலில் அறிய வேண்டுவது துடுப்பை அன்று, மரங்களை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது பள்ளத்தாக்கின் காடு நின்ற நிலையிலேயே நீரில் அமிழ்ந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அம்மரங்களின் கருத்த தண்டுகள் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றின்மேல் அமர்ந்து சிறகை உலர்த்துகின்றன. பயணிகளின் படங்களில் தவறாமல் இடம்பெறும் அந்த மரங்களால் தெப்பக்காரருக்குத் தொல்லை ஏதுமில்லை. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, எவர் படத்திலும் விழாமல் நிற்பவைதாம் சிக்கல்.

குமுளியை அடுத்த மன்னான் குடியிருப்பில் வாழும் அந்த இளைஞனுக்கு வயது இருபத்துமூன்று. தெப்பம் செலுத்தக் கற்றுக்கொடுத்தவர் அவனுடைய தாய்மாமன். தாய்வழி உறவை முதன்மையாகக் கொள்ளும் அச்சமூகத்தில் மருமகனுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது மாமனின் கடமைகளுள் ஒன்று, அதில் வியப்பில்லை. ஆனால் இந்த மாமனுக்கு ஓர் அவசரம் இருந்தது. இரண்டு கண்களிலும் புரை விழத் தொடங்கியிருந்தது. தொலைவில் நிற்கும் யானை அவருக்கு இன்னும் தெரியும். நீருக்குள் நிழலாய் நிற்கும் மரத்தண்டு தெரியாது. அறுவை செய்துகொள்ளலாம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இளைஞனோ எறணாகுளத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான்.

இந்தத் தெப்பப் பயணங்கள் பழங்குடி மரபின் இயல்பான தொடர்ச்சி என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். அது பாதி உண்மை. தேக்கடியில் இன்று நடப்பது, 1990-களின் பிற்பகுதியில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் விளைவு. ஒருகாலத்தில் வயணப் பட்டை உரிக்கத் திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் நுழைந்தவர்களுக்கே காட்டைக் காக்கும் பணியும் வழிகாட்டும் பணியும் தரப்பட்டன. பாலக்காட்டு மாவட்டத்தின் பறம்பிக்குளத்திலும் இத்தகைய மூங்கில் தெப்பங்கள் உண்டு. இரண்டு நீர்த்தேக்கங்களுக்கும் ஒரு வினோத ஒற்றுமை: நிலம் கேரளத்தினுடையது, மதகைத் திறக்கும் கை தமிழ்நாட்டினுடையது. ஏரியில் தெப்பம் விடுபவருக்கு இது அரசியல் செய்தி அன்று. எந்த மரம் இன்று எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பதை மலைக்கு அப்பால் ஒருவர் தீர்மானிக்கிறார், அவ்வளவுதான்.

தெப்பத்தைத் திசைதிருப்புவது படகைத் திருப்புவதுபோல் இல்லை. படகின் அடியில் முதுகெலும்புபோல் ஓடும் ஏராக்கட்டை தெப்பத்துக்குக் கிடையாது. ஆகவே அது நீரைப் பிடித்துக்கொள்ளாது. காற்று எப்பக்கம் அடிக்கிறதோ அப்பக்கமாக வழுக்கும். கனமோ மிகுதி. திருப்பத் தொடங்கினால் சிறிது நேரம் ஒன்றும் நடவாது; நடக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது. புதியவர் செய்யும் பிழை எப்போதும் ஒன்றே. துடுப்பைப் போடுவார், தெப்பம் அசையவில்லையே என்று மீண்டும் அழுத்திப் போடுவார், முதல் வீச்சின் பலன் அப்போதுதான் வரத் தொடங்கும், இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும், முகப்பு வேண்டிய இடத்தைத் தாண்டிப்போகும். அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் ஒரு வீச்சு. பிறகு கரை சேரும்வரை பாம்பு நெளிவதுபோல்தான் பயணம்.

மாமனின் பாடத்தில் மூன்றே சொற்கள் இருந்தன: பிடி, விடு, போதும். வலம், இடம் என்ற சொற்களை அவர் பயன்படுத்தியதே இல்லை. திசையைக் குறிக்க மரங்கள் போதுமானவையாக இருந்தன. கவைமரம், கூட்டுமரம், சாய்ந்தது, ஒற்றைக் கொம்பு என்று அவராக இட்ட பெயர்கள். நீருக்கு மேல் தெரியும் மரத்தின் பெயரைச் சொன்னால், அதற்கும் கரைக்கும் இடையே மறைந்து நிற்பவையும் அப்பெயருக்குள் அடங்கும். ஒரு பெயர் ஒரு பொருளை மட்டும் சுட்டாமல் அதைச் சூழ்ந்த ஆபத்தையும் சேர்த்துச் சுட்டுவது இடப்பெயர் ஆய்வில் புதிதன்று. இந்தப் பெயர்கள் வேறெங்கும் பதிவானவை அல்ல, ஒருவருடைய நினைவில் மட்டும் இருப்பவை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பெயர் என்றதும் ஒரு சிறு விலகல். கட்டுமரம் ஆங்கிலத்துக்குள் போன கதையை எல்லோரும் சொல்வார்கள். அங்கே போய் அது பிணைத்த கட்டைகளை விட்டுவிட்டு இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கலாயிற்று என்பதும் தெரிந்ததே. தேக்கடித் தெப்பத்தை மலையாளத்தில் சங்ஙாடம் என்கிறார்கள். அச்சொல் போன தூரம் இன்னும் அதிகம். மலபார்க் கரையில் போர்ச்சுகீசியர் அதைக் கேட்டு ஜங்காடா ஆக்கினர். பின்னர் அது அட்லாண்டிக்கைக் கடந்து பிரேசிலின் வடகிழக்குக் கரை மீனவர்களின் பாய்த்தெப்பத்துக்குப் பெயராயிற்று. 1941-இல் நான்கு மீனவர்கள் அத்தகைய ஒரு ஜங்காடாவில் ஃபோர்த்தலேசாவிலிருந்து ரியோ டி ஜெனிரோவரை, திசைகாட்டிக் கருவி ஏதுமின்றி, அறுபத்தொரு நாள் பயணம் செய்து தங்கள் தொழிலுக்கான உரிமைகளை அதிபரிடம் கேட்டனர். குமுளியில் இதை யாரும் அறியார். அறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

பயிற்சியின் ஆறாம் மாதம், கோடையின் தொடக்கத்தில், இளைஞன் முதன்முறையாகப் பயணிகளை வைத்துப் பின்முனையில் நின்றான். மாமன் முன்னால் அமர்ந்துகொண்டார். நீர் நன்றாக இறங்கியிருந்தது. நண்பகல் நெருங்கியபோது கரையில் ஒரு யானைக் கூட்டம் தென்பட்டது, குட்டியும் இருந்தது. பயணிகள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

இந்த ஏரியில் அப்படி எழுவதன் பொருளைக் குமுளியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே நீரில் இரண்டு தட்டுகள் கொண்ட சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அன்று இளைஞன் சிறு பையன். கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்களைப் பார்க்கக் கூடாது என்று அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

ஆகவே அவன் கவனம் முழுவதும் பயணிகள்மேல் போனது. "உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க" என்று தமிழிலும் மலையாளத்திலும் மாறிமாறிச் சொன்னான். அவர்கள் அமர்ந்தார்கள். அந்த இடைவெளியில் காற்று தெப்பத்தைச் சாய்ந்த மரத்தின் பக்கமாகக் கொண்டுபோயிருந்தது. கண்டதும் துடுப்பை ஆழமாக இறக்கி முழு வலுவோடு அணைத்துப் பிடித்தான். அதுதான் பிழை. வேகம் செத்தது, வேகம் செத்த தெப்பம் துடுப்புக்குக் கட்டுப்படாது. பக்கவாட்டில் திரும்பி, காற்றின் வசமாகி, மெல்ல நகர்ந்தது. அடியில் மூங்கில் உராயும் ஓசை எழுந்தது. ஒரு கட்டு அறுந்தது. ஓரத்து மூங்கில் ஒன்று நுனியில் பிளந்தது. பிறகு தெப்பம் தானாகவே விலகி மிதந்தது. பயணிகளுள் இருவருக்கு மட்டுமே ஏதோ நடந்தது என்று தெரிந்தது.

மாமன் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்தபடியே இருந்தார்.

உணவுக்குக் கரையேறியபோது இளைஞன் கேட்டான்: "ஏன் மாமா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

"சத்தம் குடுத்தா நீ என்னையப் பாப்ப. தண்ணியப் பாக்க மாட்ட."

"உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சா?"

"கண்ணுக்குத் தெரியல. காத்து மாறுச்சுல்ல, அது முதுகுல தெரிஞ்சுச்சு."

உராய்வை உணர்ந்த இருவருள் ஒருவர் கடலில் துடுப்புப் போடும் பழக்கம் உள்ளவர். அவர் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஹவாயில் மொலோக்காய்த் தீவிலிருந்து ஓவாகு தீவுக்குக் கைவி கால்வாய் வழியாக நடக்கும் ஓடப்போட்டி. கால்வாய் என்றால் வெட்டிய வாய்க்கால் அன்று. இரு தீவுகளுக்கிடையே காற்றும் பேரலையும் நெருக்கியடிக்கும் திறந்த கடல். ஏறத்தாழ 66 கிலோமீட்டர். 1952-இல் மூன்று ஓடங்களோடு தொடங்கியது. பெண்களுக்கான போட்டி 1979-இல் வந்தது. ஓடம் ஒடுங்கியது, நீண்டது. இடப்பக்கம் இரு கழிகளால் பிணைத்த ஒரு மிதவை அதைச் சாயாமல் காக்கும். ஆறு பேர் அமர்வார்கள். சுக்கான் கிடையாது, ஆறாவதாக, கடைசியில் இருப்பவர் துடுப்பாலேயே திசையைக் காக்க வேண்டும்.

அந்தக் கடலுக்கும் இந்த ஏரிக்கும் ஒப்பே இல்லை. அங்கே மிதவை நீரைவிட்டு எழுந்தால் ஓடம் கவிழும். 1978 மார்ச்சில், ஹோக்குலேயா என்ற பெரும் பாய்க்கலம் அதே கால்வாயில் கவிழ்ந்தபோது, உதவி தேடி அலைப்பலகையில் நீந்திச் சென்ற எடி ஐக்காவு திரும்பவே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதே கலத்தைக் கருவிகள் ஏதுமின்றி தாகித்திக்கு வழிநடத்தியவர் மைக்ரோனேசியாவின் மவ் பியாலக். தம் தீவில் இளையோர் கற்க முன்வராத நிலையில் அவர் அந்த அறிவை ஹவாய்க்காரர்களுக்குக் கற்றுத்தந்தார். முறைவழியில் பகிரக்கூடாத கல்வியை அயலாருக்குத் தந்துவிட்டார் என்று ஊரில் குறைசொன்னவர்களும் உண்டு. கற்பவர் இல்லாத மொழியின் கடைசிப் பேச்சாளர்களைத் தேடிப்போகும் ஆய்வாளர்களுக்கு இந்தச் சங்கடம் நன்கு தெரியும்.

ஒப்பு இருப்பது துடுப்பில். துடுப்பின் அலகை ஓடத்தின் பக்கவாட்டில் செங்குத்தாக அழுத்தினால் ஓடம் திரும்பும். அதே கணத்தில் வேகமும் குறையும். திருத்தம் ஒவ்வொன்றும் ஒரு தடை. எனவே அங்கே நல்ல வழிகாட்டுநர் திருத்த வேண்டிய தேவை வருமுன்பே சிறிதாகத் திருத்திவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் மற்ற ஐவரைப்போல் துழாவுகிறார். அலை பின்னாலிருந்து தூக்கும்போது முகப்பை அதன் சரிவில் சாய்த்துவிட்டு, ஓடத்தை ஓடவிடுகிறார்.

இளைஞன் இருமுறை பார்த்தான். "கடைசியில இருக்கவரு சும்மா இருக்காரே, மாமா" என்றான்.

மாமன் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அலையும் தெரிந்திருக்காது, ஓடமும் தெளிவாகத் தெரிந்திருக்காது. "விட்டுட்டாருல்ல" என்றார். அவருடைய மூன்று சொற்களில் ஒன்று.

திரும்பும் வழியில் சாய்ந்த மரத்தை நெருங்குமுன்பே, வெறும் நீராகத் தெரிந்த இடத்தில், இளைஞன் துடுப்பை ஒருமுறை லேசாக இட்டு எடுத்துவிட்டான். தெப்பம் சிறிது நேரம் அசையவில்லை. அவன் கை இரண்டாம் முறை போகத் துடித்தது முன்னால் இருந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அவர், "போதும்" என்றார். முகப்பு மெல்லத் திரும்பியது.

முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வரும். 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட உச்ச அளவு 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 142 அடியானது முதல் இருபுறமும் அந்த எண்ணைக் கவலையோடு படிக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அது நெல்லுக்கான எண். அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் அச்சத்துக்கான எண். மறுநாள் காலை, அறுந்த கட்டை மாற்றிக் கட்டுவதற்குமுன், தேநீர்க் கடையில் கிடந்த தாளை எடுத்து இளைஞன் அதைப் பார்த்தான். முந்தைய நாளைவிடக் காலடி குறைந்திருந்தது. மாமனிடம் சொன்னான்.

அவர் கண்களை மூடிக்கொண்டு, படகுத்துறையிலிருந்து தொடங்கி, இன்று எந்தெந்த மரம் தலைகாட்டும், எது இன்னும் ஒரு சாண் கீழே இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லலானார். இளைஞன் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டான்.