ஏழு பந்திக்குப் பிறகு

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் தென்காலில் கடைமடை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்வதற்குள் 8 அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. எட்டாவதுதான் ஸ்ரீவைகுண்டம். ஏழு பந்தி எழுந்த பிறகுதான் எங்களுக்கு இலை விழும். தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து முடிகிற ஆறு, பக்கத்து மாநிலத்தோடு வழக்கில்லை. அதனால் சண்டையை நாங்களே போட்டுக்கொண்டோம். மேல்மடைக்காரன் திருடன் என்று கேட்டே வளர்ந்தவன் நான்.

நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் சேர்ந்த முதல் பிசான சாகுபடியில், எங்கள் சின்னக் குளத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. வாய்க்காலில் இரண்டடி ஓடுகிறது, குளம் காய்கிறது. நடந்து போய்ப் பார்த்தால், வாய்க்காலிலிருந்து குளத்துக்குப் பிரியும் இடத்தில் ஒரு கட்டில் போடும் அகலத்துக்கு அமலைச்செடி. அதன் அடியில் முழங்கால் அளவு வண்டல். திருடன் அவ்வளவுதான்!

யாரிடம் சொல்வது? வாய்க்கால் அப்போது பொதுப்பணித்துறை. குளத்து ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் கீழே, அதனால் அது ஊராட்சி ஒன்றியம். “அண்ணாச்சி, வாய்க்கா கரையோட எங்க லிமிட் முடிஞ்சிருது” என்றார் ஓர் அலுவலர். “குளத்துக்குள்ளதான் எங்களுது” என்றார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. இடையில் கிடந்த அந்தக் கட்டில் அகலத்தை மட்டும் அமலைக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

மனு எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி சிரித்தார். “ரெண்டு ஆபீசுக்காரரையும் ஒரே நேரத்துல இங்க வரச் சொல்லும். வெயில்ல நின்னா லிமிட்டு தெரிஞ்சிரும்.” மூன்று முறை அழைத்த பிறகு வந்தார்கள். அரைமணி நேரம் நின்றார்கள். ஒருவர் மண் அள்ளும் இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்தார், மற்றவர் டீசலுக்கு. ஆள் நாங்கள். கோப்பில் அந்த இடம் யாருடையது என்று எனக்கு இன்றும் தெரியாது. மறுவருஷம் அமலை மறுபடி வந்தது, நாங்களும் மறுபடி அழைத்தோம்.

மேல்மடைச் சங்கத்துப் பெரியவரை அழைக்க எனக்கு மனசு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அவர் ஊரில் கார் நடவு முடிந்த ஆடி மாதம், எங்கள் அம்மன் கொடைக்கு வந்தார். சாப்பாடு முடிந்ததும் வயலுக்குக் கூட்டிப்போனேன். வெடிப்பில் கையை விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று. ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், “எங்க ஊர்ச் சாக்கடையும் இந்தக் கால்லதான் விழுது. நீங்க அதையா குடிக்கிய?” என்று கேட்டார். எங்கள் ஊரில் அதை யாரும் புகாராகக்கூடச் சொன்னதில்லை. பழகிவிட்டது.

அதன்பின் தண்ணீர் முறை மாறும்போதெல்லாம் போன் செய்வார். 2023 டிசம்பர் 17, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. கரண்டு போவதற்குச் சற்று முன்னால் அவர் குரல்: “எங்க குளம் மறுகாலு தாங்காது அண்ணாச்சி. மாட்ட அவுத்து விடும்.”

எங்கள் மாடுகள் பிழைத்தன. அவருடைய வாழை முழுதும் போயிற்று.