பெரிய டயர், சின்ன கார், 14 கொண்டை ஊசி வளைவு

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் அவன். தங்கியிருப்பது சுங்குவார்சத்திரத்தில், நாலு பேர் சேர்ந்து எடுத்த ஒரு ரூமில். சொந்த ஊர் வாணியம்பாடி. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் காரை எடுத்தால் பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 160 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை அதே காரில் அப்பாவும் அம்மாவும் ஏலகிரி மலை ஏறுவார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்தது அத்தனாவூரில். பேத்தி பிறந்ததிலிருந்து ஒரு ஞாயிறு கூட அம்மா தவறவிட்டதில்லை.

கார் என்றால் ஒன்றும் பிரமாதம் இல்லை. 2009 மாடல் சான்ட்ரோ ஜிங். 15 வருடம் முடிந்து, 2024-ல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்த வண்டி. பிறந்த இடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்த அதே ஹூண்டாய் தொழிற்சாலை.

அவனுக்கு ஒரே ஒரு குறைதான். நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டினால் இஞ்சின் கத்தோ கத்து என்று கத்துகிறது. ஐந்தாவது கியருக்கு மேல் ஆறாவது இருக்காதா என்று கை தானாகவே தேடும். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு இரண்டரை மணி நேரம் அந்தச் சத்தத்தோடு போனால், ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் காதில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

அவன் இருக்கும் இடமோ கார் செய்கிற ஊர் மட்டுமல்ல, டயர் செய்கிற ஊரும் கூட. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட். பிறகு யோசனை வராமல் இருக்குமா? கியர் பாக்ஸைத் தொட முடியாது. டயரைப் பெரிதாக்கினால்?

கணக்கு ரொம்ப சுலபம். அந்த சான்ட்ரோவின் டயர் 155/70 ஆர்13. அதாவது அகலம் 155 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், உள்ளே இருக்கும் ரிம் 13 அங்குலம். எல்லாவற்றையும் கூட்டினால் விட்டம் சுமார் 547 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.72 மீட்டர் ஓடும். அதே ரிம்மில் 155/80 போட்டால் விட்டம் 578. ஒரு சுற்றுக்கு 1.82 மீட்டர். கிட்டத்தட்ட 5.7 சதவீதம் அதிகம்.

80 கிலோமீட்டர் வேகத்தில் பழைய டயர் நிமிடத்துக்கு 776 முறை சுற்ற வேண்டும். புதிய டயருக்கு 734 போதும். டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இஞ்சின் 4 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், 3,100 சுற்று 2,940 ஆகக் குறையும். ஆஹா, ஆறாவது கியர் இல்லை என்றாலும் ஐந்தேகால் கியர் கிடைத்துவிட்டது!

மெக்கானிக் அண்ணன் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"போடலாம் தம்பி. ஆனா வண்டி மந்தமாயிடும். பரவாயில்லையா?"

"அண்ணே, டாட்சன் கோ-வுக்கு கம்பெனிக்காரனே மாத்தினானே. முதல்ல 155/70 ஆர்13. 2018-ல 165/70 ஆர்14. அது 7 சதவீதம் பெருசு. இதே ஒரகடத்துல செஞ்ச வண்டிதானே?"

"கம்பெனிக்காரன் மாத்தினா எல்லாத்தையும் பாத்து மாத்துவான் தம்பி. நாம டயரை மட்டும்தான மாத்துறோம்?"

கேட்பானா? பழைய டயரில் பாதி பட்டன் பாக்கி இருந்தும் கழற்றிவிட்டான். நான்கு டயர், 14,000 ரூபாய். ஸ்டெப்னி மட்டும் பழையதே.

முதல் சனிக்கிழமை சொர்க்கம். சத்தம் உண்மையிலேயே குறைந்தது. ஃபோனில் ஜி.பி.எஸ். போட்டுப் பார்த்தான். முன்பெல்லாம் மீட்டர் 80 காட்டினால் உண்மை வேகம் 76 தான். இப்போது மீட்டரும் 80, ஜி.பி.எஸ்ஸும் 80. மீட்டர் கூட சரியாகிவிட்டதே என்று குஷியாகிவிட்டான்.

இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. மீட்டர் கூட்டிக் காட்டுவது பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ஸ்பீடோமீட்டருக்கான ஐ.நா. விதி 39 என்ன சொல்கிறதென்றால், முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஓரளவு கூட்டிக் காட்டலாம். அதனால்தான் கம்பெனிகள் கொஞ்சம் இடம் விட்டு வைக்கின்றன. அவன் போட்ட டயர் அந்த இடத்தை முழுதாகத் தின்றுவிட்டது.

அடுத்தது மைலேஜ். முன்பு ஊர் போய்ச் சேர 10 லிட்டர் ஆகும், அதாவது லிட்டருக்கு 16. இப்போது கணக்குப் போட்டால் 15.6 வந்தது. ஐயோ, குறைந்துவிட்டதா? இல்லை. அவன் ஊர் தூரம் மாறவில்லை, மீட்டர் எண்ணும் தூரம்தான் மாறியது. சக்கரம் குறைவாகச் சுற்றுவதால் 160 கிலோமீட்டரை அது 151 என்று எண்ணியது. பெட்ரோல் செலவானது 9.7 லிட்டர். உண்மை மைலேஜ் 16.5. ஒரு வழிக்கு 0.3 லிட்டர் மிச்சம். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் போக வர 60 ரூபாய். போட்ட 14,000 திரும்பி வர நாலரை வருடம் ஆகும். அதற்குள் இந்த டயரே தேய்ந்துவிடும். :-)

ஏன் இவ்வளவு குறைவு? நெடுஞ்சாலை வேகத்தில் இஞ்சினின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. டயர் பெரிதானாலும் காற்று அதே காற்றுதான். இஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக உழைக்க வேண்டும். உராய்விலும் காற்றை உறிஞ்சுவதிலும் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவே.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். காரில் அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பா, பின்னால் அரிசி மூட்டை, பேத்திக்குத் தொட்டில். ஓட்டியது அப்பா. அவன் ரூமில் கிடந்த தூக்கத்தையெல்லாம் சேர்த்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

டயர் பெரிதானால் டாப் கியர் மட்டும் நீளுவதில்லை, முதல் கியரும் சேர்ந்தே நீளும். சாலையைத் தள்ளும் விசை எல்லா கியரிலும் 5 சதவீதத்துக்கு மேல் குறையும். 1,086 சி.சி. இஞ்சினுக்கு, ஐந்தாறு வளைவு தாண்டி ஆள் நிறைந்த வண்டியை நிறுத்தி எடுக்கும்போது, அந்த 5 சதவீதம் சின்ன விஷயம் இல்லை. அப்பா அரை கிளட்சில் வைத்து வைத்து ஏற்றியிருக்கிறார். ஒரு வளைவில் எதிரே பஸ் வர, வண்டி பின்னால் நழுவியது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது முன் டயர் மட்கார்டில் சர்ரென்று உரசியது. ஆரம் 15 மில்லிமீட்டர் கூடியிருக்கிறதே, முழு லோடில் அது எங்கே போகும்? கிளட்ச் கருகிய வாசனையில் அம்மா பயந்து, குழந்தையைப் போல அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாராம்.

பஸ் டிரைவர் நல்ல மனிதர். பொறுமையாக நின்று வழிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பா திட்டவில்லை. "வண்டிக்கு என்னவோ ஆயிடுச்சுடா. வயசாயிடுச்சு போல. இனிமே மலைக்கு பஸ்லயே போய்க்கிறோம்" என்றார். டயர் மாற்றியது அவருக்குத் தெரியாது. அவன் சொல்லவே இல்லை. அன்று ராத்திரிதான் சொன்னான். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் எனக்குத்தான் கை தளர்ந்து போச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வார்த்தைதான் அவனைத் திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் துரத்தியது. பழைய 155/70 மறுபடி ஏறியது. கழற்றிய நான்கையும் ஒரு ஐ10 காரர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால் ஐ10-க்கும், ஒரகடத்தில் செய்த ஆரம்பகால க்விட்டுக்கும் 155/80 ஆர்13 கம்பெனியே போட்ட அளவு. அந்த வண்டிகளில் அதே டயர் சரியாக இருக்கிறது. காரணம், கியர், பிரேக், மட்கார்டு, மீட்டர் எல்லாமே அந்த அளவை வைத்துச் செய்தவை. டயர் என்பது கியர் பாக்ஸுக்கு வெளியே இருக்கும் கடைசி கியர். அதை மட்டும் தனியாக மாற்ற முடியாது.

இஞ்சின் சத்தத்துக்கு என்ன செய்தான்? 95-ல் போன வண்டியை 80-ல் ஓட்டுகிறான். அதற்குச் செலவே இல்லை. இஞ்சின் சுற்று 16 சதவீதம் குறையும், பெரிய டயர் தந்ததைப் போல மூன்று மடங்கு. வீடு போய்ச் சேர கூடுதலாக இருபது நிமிடம் ஆகிறது.

டயர் மாற்றும் யோசனையில் இருப்பவர்கள் ஓனர்ஸ் மேனுவலில் போட்டிருக்கும் அளவுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதைவிட முக்கியம், அந்த வண்டியை வேறு யார் ஓட்டுகிறார்களோ அவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

ஏலகிரிக்கு இப்போதும் ஞாயிறுதோறும் சான்ட்ரோதான் போகிறது. ஓட்டுவது அப்பாதான்.