அடைத்த ஜன்னல்



பிழைப்புக்காக ஆனேக்கல் வந்து ஒற்றை அறை வீட்டில் குடியேறிய முதல் வருஷம் அது. எங்கள் இளைய மகளுக்கு இரவுதோறும் மூச்சிரைப்பு. முழங்காலில் நின்று கண்ணீரோடு ஜெபித்தோம். கொசுவுக்கு அஞ்சி ஜன்னலை அடைத்து, அவள் தலைமாட்டிலேயே கொசுவர்த்திச் சுருளையும் கொளுத்தி வைத்திருந்தோம்.

“இரவில் வீட்டில் என்ன புகைகிறது?” என்று மருத்துவர் வினவினார். எங்கள் ஜெபத்திற்கு அந்தக் கேள்வியே பதிலாக வந்தது. ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. சிகரெட் நுழையாத வீடு என்று சபையில் சாட்சி சொன்னவன் நான்!

மருந்து கொடுத்தோம், சுருளை விட்டோம், ஜன்னலுக்கு வலை அடித்தோம், சமைக்கும் வேளையில் கதவையும் திறந்து வைத்தோம். இரைப்பு படிப்படியாகத் தணிந்தது.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், தோஷங்கண்ட வீட்டை ஆசாரியன் வந்து பார்க்கிறான். கெட்ட கற்களைப் பெயர்த்தெடுக்கச் சொல்லுகிறான். நம் வீட்டையும் சோதித்தறியக் கற்பித்தவர் நம்முடைய தேவன்.

பிரியமானவர்களே, ஜீவசுவாசத்தை ஊதினவர் அவரே. இன்றிரவு முழங்கால்களை முடக்குமுன், அடைத்த ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வலை அடிக்கவும் மறவாதிருங்கள்.